‘வேண்டாம்’ என்ற விடைக்கும் முழு மதிப்பெண்

சூழல் சுற்றுலாப் பாடத்தில் மாணவரைப் படிப்படியாக மதிப்பிடுவது பற்றிக் கல்லூரி ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நம் வினாத்தாள்களில் தவறாமல் இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு. ‘சூழல் சுற்றுலா என்றால் என்ன? அதன் கோட்பாடுகளை விளக்குக.’ பத்து மதிப்பெண். நன்றாகப் படித்த மாணவி எழுதிவிடுவாள். இயற்கைப் பகுதிகளுக்குப் பொறுப்போடு போய்வருவது, சூழலைக் காப்பது, உள்ளூர் மக்களின் நல்வாழ்வை உயர்த்துவது என்று பன்னாட்டுச் சூழல் சுற்றுலாச் சங்கம் 1990-இல் வரையறுத்தது. 2015-இல் அதனோடு கற்பித்தலையும் சேர்த்தது. 2002-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சூழல் சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடியது. எல்லாம் சரி. பத்துக்கு ஒன்பது போடலாம்.

அதே மாணவி படிப்பை முடித்து ஸ்வராஜ் தீவில், இன்னும் நம் வாயில் ஹேவ்லாக் என்றே வரும் அந்தத் தீவில், ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கிறது. விருந்தினர் முப்பது பேர் செருப்புக் காலோடு பவளத்திட்டின் மேல் இறங்கி நடக்கிறார்கள். அவர்களை மனம் நோகாமல் எப்படிக் கரையேற்றுவது? யாரிடம் சொல்வது? நாளைக்கும் இது நடக்காமலிருக்க நேர அட்டவணையில் எதை மாற்றுவது? நாம் போட்ட ஒன்பது மதிப்பெண், இவற்றில் எதற்கும் அவளிடம் விடை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பாடத்தின் மதிப்பீடு மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்கும் தேர்வாக மட்டும் இருக்கக் கூடாது. பருவம் முழுவதும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, பார்ப்பது, கேட்பது, கணக்கிடுவது, திட்டம் வரைவது, அந்த இடத்து மக்கள் முன் வைத்துத் திருத்துவது என்று மாணவர் படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியில் ஆசிரியரின் திருத்தம் கைக்கு வந்த பிறகே அடுத்த படி. கடைசியில் ஒரு மாணவர் ஆதாரத்தோடு ‘இந்த இடத்துக்குச் சுற்றுலா வேண்டாம்’ என்று முடித்தால், அந்த விடைக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாத மதிப்பீட்டு முறை, சூழல் சுற்றுலாவைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு விற்பனையைக் கற்பிக்கிறது.

பிழைக்கு இடம் குறைந்த நிலம்

இதை அந்தமானில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. 2011 கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் இங்கு வந்துபோன சுற்றுலாப் பயணிகளோ ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம். வாழ்கிறவர்களைவிட வந்துபோகிறவர்கள் அதிகம். கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாள் எண்ணும் ஊரில், விடுதிக் குளியலறைகளும் அதே தண்ணீரைத்தான் கேட்கின்றன.

கடலுக்குள்ளும் நிலைமை எளிதில் குலையக்கூடியது. 2010 கோடையில் கடல் சூடேறியபோது இங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-இலும் வெளுத்தன. உருண்டையாக வளரும் பவள இனங்கள் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஒரு நாள் படகு நங்கூரம் பட்டு உடைந்த பவளம் பழைய அளவுக்கு வர, அதை உடைத்தவரின் ஆயுள் போதாமல் போகலாம். மெயின்லேண்டில் ஒரு மலைவாசத்தலம் கெட்டுப்போனால் பயணிகள் அடுத்த மலைக்குப் போவார்கள். இங்கே ஒரு தீவு கெட்டுப்போனால் அந்தத் தீவின் மக்கள் எங்கே போவார்கள்?

இத்தகைய நிலத்தில் வேலை செய்யப்போகிறவருக்கு வரையறைகளைவிடத் தீர்மானிக்கும் திறன் தேவை. அது பயிற்சியால் வருவது. தப்பாகச் செய்து, திருத்தம் பெற்று, மறுபடி செய்து பார்க்க இடம் இருந்தால்தான் பயிற்சி. கிராண்ட் விகின்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1989-இலிருந்தே வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு துறையில் உண்மையாக நடக்கும் வேலையைச் செய்ய வைத்து மாணவரை மதிப்பிட வேண்டும். நம் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் உயர்கல்வியில் தொடர் மதிப்பீட்டைக் கேட்கிறது. ஆக, இதற்கு அனுமதி இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்ற வரைபடம்தான் வேண்டும். ஆறு படிகளாக அதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் படி: பார்த்து எழுதுதல், 15 மதிப்பெண்

முதல் படிக்கு நான் பரிந்துரைக்கும் இடம் சிப்பிகாட். போர்ட் பிளேரிலிருந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் இந்த நகரத்திலிருந்து, பேருந்தில் போய்விடலாம். பெர்மிட் வேண்டாம், படகு வேண்டாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது, திரும்பிப் போகவில்லை. நெல் விளைந்த இடம் இன்று நீர்ப்பறவைகளின் இடம். இந்தத் தீவுகளுக்கே உரிய அந்தமான் வாத்தை அங்கே பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் இழப்பும் ஒரு பறவையின் வாழ்வும் ஒரே நிலத்தில் இருப்பதை மாணவர் அங்கே பார்ப்பார். சூழல் சுற்றுலாவின் சிக்கல் முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

மாணவர் மூன்று முறை போக வேண்டும்: கடல் ஏறும்போது ஒரு முறை, வற்றும்போது ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை. பார்த்ததை எழுத வேண்டும். கருத்து கூடாது, ஆலோசனை கூடாது. எப்படிப்பட்ட எழுத்தை எதிர்பார்க்கிறோம் என்பதற்கு இரண்டு குறிப்புகளை நானே எழுதிக் காட்டுகிறேன்.

முதல் குறிப்பு: ‘சிப்பிகாட் அமைதியான, அழகான ஈரநிலம். பறவைகள் நிறைய உள்ளன. சுற்றுலாவுக்கு மிகவும் ஏற்ற இடம்.’

இரண்டாவது குறிப்பு: ‘காலை 6.20. தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. சாலையோரம் ஒரு கார் நின்றது, இருவர் இறங்கினர். கரையிலிருந்து சுமார் 40 அடி தூரத்தில் 14 வாத்துகள். கார்க் கதவை அடித்துச் சாத்தியதும் அத்தனையும் எழுந்து எதிர்க்கரைக்குப் போயின. 25 நிமிடம் காத்திருந்தேன். ஒன்றும் திரும்பவில்லை.’

இரண்டாவது குறிப்பை எழுதியவர் வாகனம் எங்கே நிற்க வேண்டும் என்ற விதியின் பாதியை எழுதிவிட்டார், தமக்கே தெரியாமல். முதல் குறிப்பை எழுதியவரை நாம் கைவிட வேண்டியதில்லை. ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதினால் போதும். ‘நிறைய என்றால் எத்தனை? எந்த நேரத்தில்? நீ அருகில் போனதும் அவை என்ன செய்தன?’ அடுத்த வாரம் அவர் மறுபடி போய்வந்து எழுதட்டும். மதிப்பெண் அந்த இரண்டாவது எழுத்துக்கு.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் 1988-இல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு அது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்புரை கண்ணில் படாமல் போய்விடுகிறது. வகுப்பில் தாள் திருப்பித் தரும்போது நாமும் இதைத் தினமும் பார்க்கிறோம். ஆகவே முதல் நான்கு படிகளில் குறிப்புரை முதலில் போகட்டும். திருத்திய பிறகே எண் வரட்டும்.

இரண்டாம் படி: கேட்டு எழுதுதல், 20 மதிப்பெண்

1990-களில் கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் இந்தத் தீவுகளின் குகைகளில் ஒரு சிறு பறவையை ஆராய்ந்தார். உழவாரன் இனத்தைச் சேர்ந்தது அது. தன் எச்சிலாலேயே கூடு கட்டும். சீன உணவகங்களில் அந்தக் கூட்டுக்குப் பெரிய விலை. கூட்டை எடுக்க எடுக்கப் பறவைகள் அழிந்துகொண்டிருந்தன. வனத்துறையோடு சேர்ந்து வட அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில் ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. யாரைக் காவலுக்கு வைத்தார்கள் தெரியுமா? கூடு எடுத்துக்கொண்டிருந்தவர்களை. எந்தக் குகையில் எந்த இடுக்கில் எப்போது கூடு வரும் என்று அவர்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை. தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்திலும் இதே கதைதான். காட்டில் இலவங்கப் பட்டை உரித்துக் கடத்தியவர்கள் பிறகு பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகளானார்கள்.

அறிவு எங்கே இருக்கிறது என்று தேடிப்போவதும் ஒரு திறன், அதற்கும் மதிப்பெண் உண்டு என்று இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்கின்றன. இரண்டாம் படியில் மாணவர் குறைந்தது நான்கு பேரிடம் பேச வேண்டும். சுற்றுலாவால் வருமானம் பெறும் ஒருவர், பெறாத ஒருவர், அந்த இடத்தை நெடுங்காலம் அறிந்த முதியவர் ஒருவர், சுற்றுலாவால் எதையாவது இழந்த ஒருவர். கடைசி ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-இல் வந்தது. தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மீன்பிடிக்கத் தடை. அதற்கு முன் அங்கே வலை போட்டவர்களின் குரல், பூங்காவைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது?

மொழி பற்றி ஒரு சொல். நம் வகுப்பில் வங்காளி வீட்டுப் பிள்ளை இருக்கிறது. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், ராஞ்சியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், நிக்கோபாரி, கரேன் பிள்ளைகள் இருக்கிறார்கள். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. எந்தக் கல்லூரிக்கும் இப்படி ஒரு செல்வம் எளிதில் வாய்க்காது. தன் பாட்டியிடம் தாய்மொழியில் கேட்டு எழுதிய குறிப்பை மாணவர் அந்த மொழியிலேயே இணைக்கட்டும். பொருளைப் பொதுமொழியில் சுருக்கித் தரட்டும். ஆங்கில நடைக்கு இந்தப் படியில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கேட்கும் முன் எதற்காகக் கேட்கிறோம் என்று சொன்னாரா, பேசியவர் பெயரை மறைத்தாரா, தமக்குப் பிடிக்காத கருத்தையும் அப்படியே எழுதினாரா என்பதற்கு உண்டு.

மூன்றாம் படி: கணக்கு, 15 மதிப்பெண்

ஓர் இடம் ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்கும்? மிகேல் சிஃபுவென்டெஸ் 1992-இல் கோஸ்டாரிகாவில் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். வகுப்பறைப் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களோடு செய்து காட்டுகிறேன்.

காட்டுக்குள் 600 மீட்டர் நடைபாதை. பத்துப் பத்துப் பேராகப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர்; குழுவுக்கும் குழுவுக்கும் இடையே 50 மீட்டர். ஆக ஒரு குழுவுக்கு 60 மீட்டர். ஒரே நேரத்தில் 10 குழுக்கள், 100 பேர். பாதை 6 மணி நேரம் திறந்திருக்கும். நடந்து முடிக்க 1 மணி நேரம். நாளொன்றுக்கு 600 பேர். விளம்பரப் பலகை எழுதுபவர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

மாணவர் நிறுத்தக் கூடாது. மழையால் பத்தில் மூன்று பங்கு நேரம் போகிறது, 0.7. பாதையில் ஐந்தில் ஒரு பகுதி மண் அரிப்புக்கு உள்ளானது, 0.8. பறவை கூடு கட்டும் மூன்று மாதம் மூட வேண்டும், 0.75. மூன்றையும் பெருக்கினால் 0.42. அறுநூறு 252 ஆகிறது. இன்னும் முடியவில்லை. இந்தப் பாதைக்கு 6 காவலர் வேண்டும், இருப்பவர் 3. பாதி. ஆகவே 126. இருக்கும் மூவரில் ஒருவர் மாற்றலாகிப் போனால் 84.

இந்தக் கணக்கைத் தன் கையால் ஒருமுறை போட்ட மாணவருக்கு ஓர் உண்மை தெரிந்துவிடும். காட்டின் தாங்குதிறனைக் காடு மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை காவலருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்பதும் தீர்மானிக்கிறது. இந்தப் படியில் விடைக்கு ஐந்து மதிப்பெண்தான். ஒவ்வொரு எண்ணையும் எங்கிருந்து எடுத்தார் என்ற விளக்கத்துக்குப் பத்து. முதல் படியின் நாட்குறிப்பிலிருந்தும் இரண்டாம் படியின் உரையாடலிலிருந்தும் அந்த எண்கள் வந்திருக்க வேண்டும். அப்படி வராவிட்டால் கணக்கு சரியாக இருந்தாலும் படி ஏறவில்லை என்று பொருள்.

நான்காம் படி: வரைவுத் திட்டம், 15 மதிப்பெண்

எண்ணிக்கை மட்டும் ஓர் இடத்தைக் காப்பாற்றாது. 126 பேர் ஒழுங்காக நடக்கலாம். 20 பேர் கூச்சலிட்டுக்கொண்டு போகலாம். அதனால்தான் 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எத்தனை பேர் வரலாம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்போம், எதற்கு மேல் ஏற்கமாட்டோம் என்று முடிவு செய்யுங்கள் என்றார்கள். நம் மாணவரின் வரைவில் அப்படி ஒரு நிறுத்தக் கோடு இருக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரி வண்டூரிலேயே இருக்கிறது. ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரண்டு தீவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. ஒன்று பயணிகளை ஏற்கும் பருவத்தில் மற்றொன்று ஓய்வெடுக்கிறது. பிளாஸ்டிக் பைகளுக்கு அனுமதி இல்லை. ஒரு மாணவக் குழு அந்த விதிகளை எடுத்துக்கொண்டு, ஜெட்டியில் நின்று, எது நடக்கிறது, எது ஏட்டில் மட்டும் இருக்கிறது என்று பார்த்து எழுதினால் அதுவே பெரிய பாடம்.

திக்லிபூர் பக்கம் காலிப்பூர் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை என நான்கு இனங்கள் முட்டையிட வரும் கரை அது. பயணிகள் இரவில் பார்க்க வருகிறார்கள். அங்கே திட்டம் வரையும் மாணவர் ‘பயணிகள் விழிப்புணர்வுடன் நடந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குச் சுழியம். ‘ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை யாரும் அருகில் போகக் கூடாது. வெள்ளை விளக்கு எரிந்தால் அன்றைய பார்வை முடிந்தது. ஒரே வாரத்தில் மூன்று ஆமைகள் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பினால் பருவம் முழுவதும் மூடப்படும். இதைப் பதிவு செய்பவர் இன்னார்’ என்று எழுதினால் அது திட்டம். யார், எப்போது, எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வார் என்ற நான்கும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். திருத்துவதும் எளிது, மாணவருக்கு விளக்குவதும் எளிது.

ஐந்தாம் படி: மக்கள் முன், 25 மதிப்பெண்

இதற்கே அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன். அந்த இடத்து டிங்கிப் படகுக்காரர், வனக்காவலர், பஞ்சாயத்து உறுப்பினர், சாப்பாட்டுக் கடை நடத்தும் சுய உதவிக் குழுப் பெண்கள் முன் மாணவர் தம் வரைவைச் சொல்ல வேண்டும். அவர்கள் மதிப்பெண் போட வேண்டாம். அந்தச் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் கேள்வி கேட்கட்டும். ‘மூணு மாசம் மூடச் சொல்றியே தம்பி, அந்த மூணு மாசம் படகுத் தவணையை யார் கட்டுறது?’ என்று ஒரு படகுக்காரர் கேட்டால், அந்தக் கேள்விக்குத் திருத்திய திட்டத்தில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். பதில் இருக்கிறதா, அது நடைமுறைக்கு வருமா என்பதை வைத்து ஆசிரியர் மதிப்பிடுவார்.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் படகுக்காரர் நமக்காக ஒரு நாள் கூலியை விட்டு வருகிறார். கல்லூரி அதை ஈடு செய்ய வேண்டும். வெளித்தேர்வாளருக்கு மதிப்பூதியம் தருகிறோம். இவரும் தேர்வாளர்தான்.

ஆறாம் படி: காரணக் கணக்கு, 10 மதிப்பெண்

கடைசியாக இரண்டு பக்கம். முதல் வரைவிலிருந்து கடைசித் திட்டம் வரை என்ன மாறியது, யார் சொல்லி மாறியது, யார் சொல்லியும் எதை மாற்றவில்லை, ஏன். இதைக் கையால், வகுப்பறையில் உட்கார்ந்து எழுதட்டும். இன்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பத்துப் பக்க அறிக்கையைக் கணினிக் கருவி நொடியில் தந்துவிடுகிறது. சிப்பிகாட்டில் தண்ணீர் வற்றிய நேரத்தில் எழுந்து போன வாத்துகளையும், தவணை கேட்ட படகுக்காரரையும் அதனால் தர முடியாது. படிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதே நகலுக்கு எதிரான பாதுகாப்பு. குழுவாகச் செய்த வேலையில் யார் உழைத்தார், யார் உடன் வந்தார் என்பதும் இந்த இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

போகாமலே எழுத வேண்டிய கள ஆய்வு

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்தமான் பெருஞ்சாலை ஜாரவாப் பழங்குடி மக்களின் காப்பு நிலத்துக்குள் புகுந்து போகிறது. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை வாகனங்கள் கான்வாயாகப் போகின்றன. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்கப் போகும் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சாலையில்தான் போய்வந்திருக்கிறார்கள். பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறை 1956-லேயே வந்துவிட்டது. காப்பு நிலத்துக்குள் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது. சாலை ஓடிக்கொண்டே இருந்தது. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களைப் பயணிகளுக்காக ஆட வைத்த காணொளி வெளிவந்து உலகமே அதிர்ந்தது. காட்டு விலங்கைப் பார்க்கப் போவதுபோல் மனிதரைப் பார்க்கப் போனார்கள். அந்த வண்டிகளில் போனவர்களின் பயணச்சீட்டில் குகை என்றும் எரிமலை என்றும்தான் எழுதியிருந்தது.

இந்தச் சாலையை ஒவ்வொரு மாணவரும் ஒரு தனிப் பயிற்சியாகச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆனால் ஒருவரும் அங்கே போகக் கூடாது. ஆணைகள், ஒழுங்குமுறை, கணக்கெடுப்பு, வரைபடம் ஆகியவற்றை மட்டும் வைத்து எழுத வேண்டும். ஜாரவாக்கள் சில நூறு பேர். அவர்களிடம் நாம் இரண்டாம் படியில் செய்ததுபோல் போய்க் கேட்க முடியாது. கேட்கப் போவதே மீறல். அவர்கள் விருப்பத்தைக் கேட்டறிய வழியில்லாத இடத்தில் அவர்கள் சார்பாக ‘வரலாம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? மாணவர் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளட்டும். கடல் வழியாகப் பாராடாங் போகும் திட்டத்தை ஒருவர் வரையலாம். சாலையில் பயணிகளை அறவே நிறுத்தச் சொல்லி இன்னொருவர் எழுதலாம். சாலையை நம்பி வாழும் நடு அந்தமான் மக்களின் மருத்துவத்தையும் காய்கறியையும் எண்ணி மூன்றாமவர் தயங்கலாம். தயக்கத்தின் காரணத்தை எடைபோட்டு எழுதினால் அவருக்கும் மதிப்பெண் உண்டு.

இந்தப் பயிற்சி எதற்கு என்றால், சூழல் சுற்றுலாப் பட்டம் பெற்ற ஒருவர் நாளை ஒரு நிறுவனத்தின் மேசையில் உட்காருவார். மேலாளர் ஒரு தீவின் வரைபடத்தை விரித்து, ‘இங்கே எத்தனை அறை கட்டலாம்?’ என்று கேட்பார். ‘ஐயா, இங்கே கட்டக் கூடாது, காரணம் இவை’ என்று சொல்லும் துணிவும் சான்றும் அன்று அவரிடம் இருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் ஒருமுறைகூட ‘வேண்டாம்’ என்று எழுதிப் பழகாதவர், அதற்கு மதிப்பெண் வாங்கிப் பார்க்காதவர், சம்பளம் தருபவர் முன்னால் அதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தடைகளும் வழிகளும்

வகுப்பில் அறுபது பேர், அறுபது நாட்குறிப்பை யார் திருத்துவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்து பேர் கொண்ட பன்னிரண்டு குழு. ஒரு குழுவுக்கு ஓர் இடம். நாட்குறிப்பில் நான்கு பக்கத்துக்கு மேல் கூடாது. ஆசிரியர் எழுதும் குறிப்புரை மூன்று கேள்விக்கு மேல் போக வேண்டாம். மாணவர் தங்களுக்குள் மாற்றிப் படித்து முதல் சுற்றுக் கேள்விகளை எழுதட்டும். அது அவர்களுக்கும் பயிற்சி.

வெளித்தேர்வுக்கே பெரும்பங்கு மதிப்பெண் ஒதுக்கும் பல்கலைக்கழக விதி இருக்கிறதே என்பீர்கள். உள்மதிப்பீட்டின் பங்கு இருபத்தைந்தோ நாற்பதோ, இந்த நூறை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். வெளித்தேர்விலும் ஒரு கேள்வியை மாற்றலாம். வரையறையைக் கேட்பதற்குப் பதில், ஓர் இடத்தின் வரைபடமும் ஐந்து எண்களும் கொடுத்து, என்ன முடிவெடுப்பாய், ஏன் என்று கேட்கலாம்.

கப்பல் ரத்தாகும், மழை ஓயாது, குறித்த நாளில் தீவுக்குப் போக முடியாது. இது இந்த மண்ணின் இயல்பு. ஆகவே ஒவ்வொரு படிக்கும் இரண்டு வார இடைவெளி வையுங்கள். கப்பல் வராததற்கு மாணவர் மதிப்பெண் இழக்கக் கூடாது. கார் நிக்கோபாரிலிருந்து வரும் மாணவி விடுமுறையில் தன் ஊரையே ஆய்வு இடமாக எடுத்துக்கொள்ளட்டும்.

முடிவாக மூன்று வேண்டுகோள். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள், வரும் ஆண்டில் ஒரே ஒரு தாளிலாவது இந்த ஆறு படிகளைச் சோதித்துப் பாருங்கள். வனத்துறையிலும் சுற்றுலாத் துறையிலும் இருப்பவர்கள், மாணவரின் நாட்குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆண்டுதோறும் பன்னிரண்டு இடங்களில் ஒரே முறையில் எழுதப்படும் குறிப்புகள், பத்தாண்டில் இந்தத் தீவுகளுக்குப் பெரிய ஆவணமாகிவிடும். மதிப்பெண் அளவுகோல் எழுதும் ஆசிரியர்கள், அதன் முதல் வரியாக இதை எழுதுங்கள்: ‘சுற்றுலா வேண்டும், வேண்டாம் என்ற எந்த முடிவுக்கும் மதிப்பெண் சமம், மதிப்பிடப்படுவது ஆதாரமும் காரணமும்.’

அந்த ஒரு வரி வகுப்பறையின் காற்றையே மாற்றிவிடும். ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை ஊகிப்பதை மாணவர் விட்டுவிடுவார். கரையில் நின்று எண்ணத் தொடங்குவார், தன் தீவைத் தானே தீர்மானிக்கும் தகுதி தனக்கு வர வேண்டும் என்று நினைக்கத் தொடங்குவார். இந்தத் தீவுகளைப் பற்றிய முடிவுகள் பலவும் வெகுதொலைவில், வேறு ஊர்களின் அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. அந்த மேசைகளுக்கு இங்கே பிறந்து வளர்ந்த, எண்ணவும் கேட்கவும் மறுக்கவும் கற்ற பிள்ளைகள் போய்ச் சேர வேண்டும். அவர்களை அனுப்பிவைக்கும் வேலை நம்முடையது.